பீரோ சாவி

வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மில் முதலாளி தவசிலிங்கம் தம்பியோடு ஆபீஸ் படியேறினார். வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு, பாதுகாப்புக் கேட்டு இதே வக்கீலிடம் வந்திருந்த மகளின் விலாசம் அங்கே பீரோவுக்குள் இருந்தது. கிடைத்தால் அவள் உயிர் மிஞ்சாது.

“அவ விலாசத்தை எடு. சொந்தத்துக்குள்ள என்ன ரகசியம்?”

குமாஸ்தா செல்லக்கனி மேஜை டிராயரிலிருந்து சாவியை எடுத்தாள்.

“சரிங்கய்யா. நீங்களும் எங்க கட்சிக்காரர்தானே, உங்க ஃபைலும் இதுலதான் இருக்கு. முதல்ல அதை உங்க தம்பிக்கு வாசிச்சுக் காட்டிடுதேன்.”

முதலாளியின் முகம் செத்துப்போனது. “வேண்டாம். சாவியை வை.”

“அதுல என்னண்ணே இருக்கு?” என்றான் தம்பி.

முதலாளி விறுவிறுவென்று படியிறங்கினார். ஒரே காரில் வந்தவர்கள். திரும்பும்போது தம்பி ஆட்டோ பிடித்தான்.

செல்லக்கனி பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நாளைக்கும் வக்கீலுக்குக் கோர்ட் உண்டு.