மஞ்சப் பூச்சும் மாமன் கல்யாணமும்

ஒரு ஊர்ல ஒரு வாயாடிப் புள்ள இருந்தா. பேரு பூவரசி. 'ம்' கொட்டுடா சங்கு, அதுக்குள்ள கண்ணு சொருகுது பாரு.

அவ பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் பல் டாக்டரம்மா வந்துச்சு. எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு, குட்டி பிரஷ்ஷால சளக் சளக்னு பல்லுல மஞ்சளா பூசுச்சு. இன்னிக்கு உனக்குப் பூசுனாங்களே, அதேதான். புளோரைடாம். என் வாய்ல அந்தப் பேரு நுழையாது, பல்லுல நுழைஞ்சாப் போதும். சொத்தை வராம காக்குமாம். நாளைக்குக் காலைல வரைக்கும் பல்லு தேய்க்காதீங்க, மஞ்சள் தானா போயிரும்னு சொல்லி அனுப்புச்சு.

அப்புறம் வீட்டுக்கு வந்தா, வீடு பூரா சொந்தக்காரங்க. மறுநாள் அவளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் செங்கோடன் அவ வாயைப் பாத்துட்டு, போட்டோல மஞ்சளா விழுமேன்னு ஒரு வார்த்தை விட்டான். அவ்வளவுதான். தாத்தா சாம்பலோட வந்தாரு, கரகர. அம்மா உப்போட வந்தா, சரசர. மாமன் வேப்பங்குச்சியோட வந்தான், சர்ர்ரு. டாக்டரம்மா சொன்னதைப் புள்ள சொல்லிச் சொல்லி அழுதா. எவன் கேட்டான்?

"பால் பல்லுதானே, எப்படியும் விழப்போறது"ன்னான் மாமன்.

எனக்கு வருது பாரு ஆத்திரம். மாமன் தலைமுடியும் விழப்போறதுதான். இப்பவே மொட்டை அடிச்சா சும்மா இருப்பானா? கேளு, இருப்பானா?

ம். அப்புறம் என்னாச்சு, அந்தப் பூச்சும் போச்சு, தாத்தா தினம் கமர்கட்டு வேற வாங்கிக் குடுத்தாரு. ஒரு பல்லு கறுத்துச்சு. விண்ணு விண்ணுன்னு வலி, கன்னம் பணியாரமா உப்பிருச்சு. பிடுங்கத்தான் வேணும்னுட்டாங்க. அம்மா கையைப் பிடிக்க, மாமன் காலைப் பிடிக்க, டொக்கு. அப்போ எவனும் போட்டோ எடுக்கல.

அப்புறம் அவளுக்குப் பல் வரிசைக் கடைசியில புதுசா ஒரு கடவாப்பல்லு எட்டிப் பாத்துச்சு. மறுபடியும் அந்த டாக்டரம்மா வந்துச்சு. "இது பால் பல்லு இல்ல கண்ணு. இது போனா வேற முளைக்காது"ன்னு சொல்லி, பூசிவிட்டுச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் என்னன்னு நெனைக்குற? மாமனுக்குக் கல்யாண வரவேற்பு. எடுத்தாங்கய்யா மறுபடியும் சாம்பலை.

இந்தத் தடவை பூவரசி வாயை இறுக்கி மூடிக்கிட்டா. தாத்தா வந்தாரு, கொஞ்சம் ஆ காட்டுடா ராசாத்தின்னாரு.

"ம்."

அம்மா வந்தா, திறக்கலைன்னா முதுகு பழுத்துரும்னா.

"ம்ம்."

அப்போ மாமனே வந்தான், பட்டு வேட்டியும் மாலையுமா. கையில பெரிய மைசூர்பாகு. "என் கல்யாணத்துல சிரிக்க மாட்டியாடி?"ன்னான்.

அவளுக்கு எச்சில் ஊறுது. நாக்கு உள்ள துள்ளுது. புதுப்பல்லை நாக்கால தொட்டுப் பாத்தா.

"ம்ம்ஹூம்."

எல்லா போட்டோலயும் பூரி மாதிரி கன்னத்தை உப்பிக்கிட்டு நின்னா. விடிஞ்சு பல்லு தேய்ச்சா, மஞ்சள் போச்சு, பல்லு பளிச்சுன்னு இருந்துச்சு. அப்புறம் கல்யாண ஆல்பம் வந்துச்சு. அதுல ஒரே ஒரு வாய்தான் மஞ்சளா ஈன்னு இளிச்சுக்கிட்டு இருந்துச்சு. மாப்பிள்ளையோடது. டீயும் பீடியுமா வளத்த பல்லு. அவனுக்கு எந்த டாக்டர் பூசிவிட்டாங்களாம்?

பெரியம்மா சொல்றேன் கேளு. உங்கப்பன் பிரஷ்ஷைத் தூக்கிக்கிட்டு வாசப்படியில நிக்குறான், நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அவனுக்கும் சேத்துத்தான் சொன்னேன். அவன் வந்து ஆ காட்டுன்னா நீ என்ன சொல்லுவ?

"ம்ம்ஹூம்."

அதான் என் தங்கம். கதையும் வாயை மூடிக்கிச்சு, நீ கண்ணை மூடு.