பொந்தில் மாட்டிய பூவாத்தா

படார் என்று அலகால் ஒரு போடு போட்டாள் பூவாத்தா. பொந்து வாசலை அடைத்திருந்த மண்சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது.

"மாமா! வெளிய வந்துட்டேனுங்க!" என்று கத்தினாள்.

எங்கே வந்தாள்? தலை வந்தது, கழுத்து வந்தது, வயிறு வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுகொண்டது!

பூவாத்தா ஓர் இருவாட்சிப் பறவை. ஆனைமலைக் காட்டில், உயரமான நாங்கு மரத்துப் பொந்தில் குடித்தனம். இருவாட்சிகளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பொந்துக்குள் போய், மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகை நீட்ட ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். குஞ்சு பொரித்து வளரும்வரை மாதக்கணக்கில் உள்ளேதான் இருக்கும். ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். ஆணுக்கு ஏதாவது ஆகிவிட்டால், உள்ளே இருப்பவர்கள் கதி அதோகதிதான்!

பூவாத்தாவின் கணவன் சென்னியப்பன் தங்கமானவன். அத்திப்பழத்தைத் தொண்டை புடைக்க அடைத்துக்கொண்டு வருவான். வாயைத் திறந்தால் பழம் கொட்டிவிடுமே! அதனால் வழியில் ஒரு குரல்கூடக் கொடுக்கமாட்டான்.

உள்ளே இருக்கிறவளுக்கு அவன் எங்கே இருக்கிறான் என்று எப்படித் தெரியும்? 'கழுகு அடிச்சுப்போட்டுதோ? வழி தவறிட்டாரோ?' என்று நெஞ்சு படபடக்கும். படபடத்தால் அலகு தானாகப் பழத்துக்குப் போகும். இருபது பழம் உள்ளே போனதே அவளுக்குத் தெரியாது!

சென்னியப்பன் வந்து பார்ப்பான். ஒரு பழம் மிச்சம் இருக்காது. "பாவம், பசி போல!" என்று மறுநாள் இன்னும் அதிகமாக அடைத்து வருவான். இப்படியே மூன்று மாதம் ஓடியது. விளைவு, வாசலில் வயிறு!

"அம்மா, நெருக்குது! பசிக்குது!" என்று பின்னாலிருந்து குஞ்சு கத்தியது. பாவம், அதுவும் வளர்ந்துவிட்டது. இனி அதற்கு இரை தேட அப்பா ஒருவரால் ஆகாது. மழை தொடங்க இன்னும் இருபதே நாள். மழை வந்தால் பழமெல்லாம் உதிர்ந்து அழுகிவிடும். அதற்குள் பூவாத்தா வெளியே வந்து அவளும் இரை தேடாவிட்டால், குஞ்சு பிழைக்காது!

"ஓட்டையக் கொத்திப் பெருசாக்கிடட்டுமா, அம்மிணி?" என்று கேட்டான் சென்னியப்பன்.

"வேண்டாமுங்க! அப்புறம் உடும்பு உள்ள பூந்து குஞ்சைத் தின்னுபோடும்!"

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இரை தேடப் போனான். பூவாத்தாவும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவன் போனதும் மேல்கிளையிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. மலையணில் ரங்காயி!

"அட கெரகமே! பலாப்பழமாட்டப் பெருத்துப்போயிட்டியே, பூவாத்தா! நான் ஒரு வழி சொல்றேன். நாளைக்கு ரெண்டே ரெண்டு பழம் தின்னு. குஞ்சுக்குக் குடுத்தது போக மிச்சத்த எங்கிட்டக் குடு. உன் கண்ணுல படாம நான் பத்திரமா வச்சுக்கறேன்!"

எங்கே வைத்துக்கொள்வாள்? தன் வயிற்றில்தான்! பூவாத்தாவுக்கு அது புரியவில்லை. மண்டையை மண்டையை ஆட்டினாள்.

முதல் நாள் சமாளித்தாள். இரண்டாம் நாள் தலை சுற்றியது. குஞ்சு மேலே இடித்ததற்கு வெடுக்கென்று கொத்தினாள். மூன்றாம் நாள் ரங்காயி வந்து ஏற இறங்கப் பார்த்தாள்.

"இளைக்கவே இல்லையே! உனக்கு வாய்க்கட்டு பத்தாது, பூவாத்தா!"

பூவாத்தாவுக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. அன்றைக்கென்று பார்த்துச் சென்னியப்பனும் வரத் தாமதம். அவன் வந்து கொடுத்த பழத்தை வாங்கினாள் பாருங்கள், முப்பது பழம் மூச்சுவிடாமல் போயிற்று! தின்று முடித்து ஓவென்று அழுதாள்.

"நான் எதுக்குமே லாயக்கில்ல!"

"அழுவாத, நாளைக்கு மறுபடி ஆரம்பிச்சுக்கலாம்!" என்றாள் ரங்காயி, உதட்டைத் துடைத்துக்கொண்டே.

ஆறாம் நாள் காடெங்கும் மூடுபனி. தன் அலகு தனக்கே தெரியாத பனி! சென்னியப்பனுக்கு அத்திமரமே அகப்படவில்லை. தொண்டை காலி. வழியும் புரியவில்லை. வேறென்ன செய்வான்? குரல் கொடுத்தான்.

"ஏ அம்மிணீ! ஆத்து மேட்டுல இருக்கேன்! கேக்குதா?"

"கேக்குதுங்க! இந்தப் பக்கம் வாங்க, மாமா!"

"பாறையத் தாண்டிட்டேன்!"

"நல்லதுங்க! அப்படியே நேரா வாங்க!"

மாற்றி மாற்றிக் கத்திக் கத்தி ஒருவழியாக வந்து சேர்ந்தான். "பழமே கெடைக்கல அம்மிணி, மன்னிச்சுக்க" என்றான்.

"நேத்து வாங்குனதுல ரங்காயிக்குன்னு வச்சது இருக்குமே" என்று பூவாத்தா குனிந்து பார்த்தாள். பன்னிரண்டு பழம் வைத்தது வைத்தபடி இருந்தது! ஒன்றைக்கூட அவள் தொட்டிருக்கவில்லை.

"மாமா! மாமா! இத்தன நாளும் எனக்குப் பசி இல்லீங்க, பயமுங்க! உங்க சத்தம் கேட்டதும் அலகு தானா நின்னுபோச்சு! நாளையிலிருந்து பழம் பாதி போதும். சத்தம் ரெண்டு மடங்கு வேணும்!"

"பாதியா? பொண்டாட்டியப் பட்டினி போடறான்னு காடே பேசுமே!"

"காடா இங்க வயிறு மாட்டிட்டு நிக்குது?"

"உள்ள நீ எப்படி இருக்கியோன்னு எனக்கும் பயந்தான், அம்மிணி. சொல்லத் தெரியல. அதான் பழமா அள்ளிட்டு வந்தேன்" என்றான் சென்னியப்பன். பூவாத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் முதல் பாதித் தொண்டைப் பழம், வழியெல்லாம் குரல்! குரல் வர, படபடப்பு அடங்கியது. பசித்தபோது தின்றாள், போதும் என்றபோது நிறுத்தினாள். ஒருநாள் காற்றில் அவன் குரல் கேட்கவில்லை. பயத்தில் ஐந்து பழம் உள்ளே போய்விட்டது. ஆனால் அன்றைக்கு அவள் அழவில்லை. "சரி, அஞ்சோட நின்னுதே!" என்று சொல்லிக்கொண்டாள்.

ரங்காயி வந்து எட்டிப் பார்த்தாள். "என் பங்கு எங்கடி? இன்னும் குண்டாத்தான் இருக்கற!"

"நீ பேசப் பேசத்தான் எனக்கு வாய் நமநமங்குது. போயிட்டு வா, தாயி!"

இருபதாம் நாள் வானம் இருட்டியது. இடி இடித்தது. பூவாத்தா அலகை நீட்டினாள். தலை வந்தது. கழுத்து வந்தது. மூச்சைப் பிடித்து ஒரு உந்து உந்தினாள்.

"தள்ளுடா கண்ணு!"

குஞ்சு பின்னாலிருந்து முட்டியது. சரேலென்று வயிறு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது! பூவாத்தா கிளையில் விழுந்து, தடுமாறி, சிறகை விரித்தாள். உடும்பு நுழையாதபடி, குஞ்சு சட்டென்று உள்ளேயிருந்தபடியே வாசலை அடைக்கத் தொடங்கியது.

"அம்மா, சீக்கிரம் பழம்!"

"இதோ, ஆத்து மேட்டுக்குப் போறேன் கண்ணு!" என்று காடே அதிரக் கத்திக்கொண்டு, சென்னியப்பனோடு மழைக்கு முன்னே பறந்தாள் பூவாத்தா.

கவலைக்குத் தீனி போட்டால் உடம்புதான் பெருக்கும். கவலை கரைய வேண்டுமானால் வேண்டியவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.