சத்தம் நின்ற பிறகு

மலையடிவாரத்து ஆசிரமத்தில் அமாவாசைதோறும் மௌன நாள். மணி அடிக்கும்வரை பேசக் கூடாது, கண் திறக்கக் கூடாது. செருப்பு, செல்போன், பை எல்லாவற்றையும் வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

நாச்சிமுத்துவும் பையை வாசலில்தான் விட்டிருந்தார். அவருடைய இன்ஹேலர் அதற்குள் இருந்தது.

அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. வரும், போகும். அதனாலேயே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இன்ஹேலர் அடித்தால் பழகிப்போகும், மூச்சுப் பயிற்சி போதும் என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவருக்கும் இளைப்பு கிடையாது.

அந்த அமாவாசையன்று மண்டபத்தில் சாம்பிராணியைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டுவிட்டார்கள். மணி அடித்து எல்லோரும் கண் திறந்தபோது நாச்சிமுத்து தூணில் சாய்ந்து கிடந்தார். உதடு நீலம் பூத்திருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது.

காரியம் முடிந்த மறுநாள் செங்கோட்டுவேல் குருவிடம் வந்தார். மண்டபத்தில் நாச்சிமுத்துவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"சாமி, ஒண்ணு கேக்கோணுங்க."

"கேளு."

"அண்ணன் தியானத்திலயே சமாதி ஆயிட்டாருன்னு எல்லாரும் பேசிக்கறாங்க. தூணுகிட்ட விளக்கு வெச்சுக் கும்பிடறாங்க. அது நெசந்தானுங்களா?"

"நீதானே பக்கத்தில இருந்தே. உன் காதுல என்ன விழுந்துச்சு?"

"மொதல்ல விசிலாட்டம் மூச்சு இழுத்துச்சுங்க. தியானம் கலையுதேன்னு எனக்கு எரிச்சலாக்கூட இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் சத்தம் நின்னுபோச்சுங்க. செரியாயிருச்சுன்னு நெனச்சேன். அண்ணன் அடங்கிட்டாரு, நமக்கு வாய்க்கலியேன்னு பொறாமையா இருந்துச்சுங்க."

குரு எழுந்து போய்ப் பப்பாளி மரத்திலிருந்து ஓர் இலையை ஒடித்தார். இலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, குழாய் போன்ற காம்பை மட்டும் சீடரிடம் நீட்டினார்.

"ஒரு நுனியை வாயில வையி. மூக்கைப் பொத்திக்க. இதுலயே மூச்சு விடு."

செங்கோட்டுவேல் அப்படியே செய்தார். குரு மறுநுனியைக் கட்டைவிரலால் பாதி மூடினார். காம்பு கீச்சென்று இழுத்தது. அந்தச் சத்தம் சீடருக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். அவர் கண் கலங்கியது.

குரு விரலை அழுத்தி முழுதாக மூடினார். சத்தம் நின்றது.

சீடர் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு முகம் சிவந்து, குருவின் கையைத் தட்டிவிட்டு, காம்பைத் துப்பிவிட்டுத் தரையில் உட்கார்ந்து வாய் திறந்து மூச்சு வாங்கினார்.

"எதுக்குத் தட்டிவிட்டே?"

"மூச்சே வரலீங்க சாமி."

"சத்தம் நின்னுச்சே. செரியாயிருச்சுன்னு நெனச்சேன்."

செங்கோட்டுவேல் தலையில் கை வைத்துக்கொண்டார். விம்மல் அடங்க வெகுநேரம் ஆனது.

"அண்ணன் என்னைக் கூப்பிட்டிருக்கலாமுங்களே சாமி."

"கூப்பிடறதுக்கும் மூச்சு வேணும்."

"கையால தொட்டிருக்கலாமுங்களே."

"உன் வேட்டி நுனி அவன் கையில இருந்துச்சு. நாந்தான் விரலைப் பிரிச்சு எடுத்தேன்."

சீடர் நிமிர்ந்து பார்த்தார். வேட்டியை யாரோ பிடித்து இழுத்தது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. மணி அடிக்கவில்லையே என்று அன்று கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

"அப்பவே பையை எடுத்தாந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருந்தா பொழச்சிருப்பாருங்களா?"

"தெரியாதப்பா. நாம ஓடலை."

"ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. இதை வெச்சுக்கிட்டு நான் எப்படி இருக்கறது?"

குரு மண்டபத்தின் பக்கம் பார்த்தார். தூணடியில் யாரோ புதிதாக எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்கிட்ட ஆறுதல் இல்ல. கண்ணை மூடச் சொன்னவனே நாந்தான். போயி அந்த விளக்கை அணைச்சுட்டு வா. அது சமாதி இல்ல. மூச்சுக்குத் தவிச்ச மனுசனை நாம எல்லாரும் சேர்ந்து சாக விட்ட இடம்."