சடைச்சி கடைக்கு வராமல் போன மலைத்தேன்

ஓடைக்கரை மருத மரத்துப் பொந்தில் சடைச்சி என்ற முள்ளம்பன்றி ஒரு கடை வைத்திருந்தாள்.

கடை சின்னதுதான். ஆனால் அங்கே இருந்த சரக்கு காட்டில் வேறு எங்கும் கிடைக்காது. உச்சிப் பாறை நெல்லிக்காயைக் கருமந்தி கொண்டுவந்தாள். மழை விட்ட மறுநாளே முயல் காளான் கொண்டுவந்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, கரடி பெருமலை கொண்டுவரும் மலைத்தேன். அதற்காகவே ஆற்றைத் தாண்டி மிளா மான் வருவாள்.

சடைச்சிக்கு யாரும் கடை வைத்துக் கொடுக்கவில்லை. கிழங்கு தோண்டி, வளை வளையாகச் சுமந்து விற்று, பத்துப் பேரிடம் ஏமாந்து, பதினோராவது ஆளிடம் பேரம் பேசக் கற்றுக்கொண்டவள். அப்போது ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் ஒரு நொட்டை சொல்வாள். அப்புறம்தான் விலை கேட்பாள். நொட்டை சொன்னால் விலை இறங்கும். எதிர்த்துப் பேசினால் அவளுக்கு முள்ளெல்லாம் விறைத்துக்கொள்ளும்.

வேங்கை பூத்து முடிந்த ஒரு காலையில் பெருமலை சுரைக்குடுக்கையோடு வந்தான். சடைச்சி ஒரு சொட்டுத் தொட்டு நக்கினாள். நாக்கிலிருந்து வால் வரைக்கும் சிலிர்த்தது. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு தேனை அவள் ருசித்ததில்லை.

“என்ன அண்ணே, தேன் தண்ணியா இருக்கு?” என்றாள்.

கடையில் மிளாவும் இரண்டு மயில்களும் நின்றிருந்தார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“தண்ணியாவா?” என்றான் பெருமலை.

“எதையோ கலந்த மாதிரி இருக்கு. எனக்கென்ன, எடுத்துக்கிறேன். ஆனா பத்துக் கிழங்குக்குத் தேறாது. ஆறு தர்றேன்.”

“கிழங்கை விடு தங்கச்சி. நான் கலந்தேன்னு சொல்றியா?”

“என் நாக்கு சொல்லுது.”

பெருமலை தன் மூக்கைக் காட்டினான். தேனீ கொட்டி அது பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. “இத்தனை கொட்டு வாங்கி இறக்கினதுல நான் போய் தண்ணி ஊத்துவேனா?”

“கொட்டு வாங்கினது உன் மூக்கு. அதுக்கும் நான்தான் விலை கொடுக்கணுமா?”

மயில்கள் சிரித்தார்கள். பெருமலை குடுக்கையை மூடினான்.

“ஆறு கிழங்குன்னு மட்டும் சொல்லியிருந்தா கொடுத்துட்டுப் போயிருப்பேன். நாலு பேர் முன்னாடி என்னைக் கலப்படக்காரன் ஆக்கிட்டே” என்று சொல்லிவிட்டு மலைப்பாதையில் ஏறினான்.

“போகட்டும். குடுக்கை கனத்தா நாளைக்குத் தானா இறங்கி வருவான்” என்று சடைச்சி முள்ளைச் சிலுப்பினாள்.

அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வேங்கை மறுபடி பூத்தது, உதிர்ந்தது. சடைச்சி யாவாரத்தின் நடுவிலும் மலைப்பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எரிந்த மரக்கட்டையைப் பார்த்தால் பெருமலை மாதிரி இருந்தது. மேகத்தின் நிழல் சரிவில் நகர்ந்தால் எழுந்து நின்றாள். நெல்லியில் புழு என்று இவள் சொல்லப்போய்க் கருமந்தியும் வராமல் நின்றுவிட்டாள். காளானில் மண் என்று சொல்லப்போய் முயலும் நின்றுவிட்டான்.

அப்போதுதான் மரநாய் ஒரு குடுக்கையோடு வந்தான்.

“மலைத்தேன் அக்கா.”

“தண்ணியா இருக்கே?” என்றாள், நக்கிப் பார்ப்பதற்கு முன்பே.

“ஆமாக்கா, கொஞ்சம் தண்ணிதான். நாலு கிழங்கு கொடு, போதும்.”

இவனல்லவா யாவாரி என்று சடைச்சி குளிர்ந்துபோய், நக்கிக்கூடப் பார்க்காமல் வாங்கி வைத்தாள். அன்று பிற்பகல் மிளா வந்து ஒரு வாய் நக்கினாள். உடனே துப்பினாள்.

“என்ன சடைச்சி, பதநீர் வாடை அடிக்குது? இதுக்கா நான் ஆத்தைத் தாண்டி வந்தேன்?”

சடைச்சி ஓடிப்போய் மரநாயைப் பிடித்தாள். “பதநீர் கலந்தியாடா?”

“நீதானேக்கா முதல்லயே கண்டுபிடிச்சே? நான் மறுத்தேனா? அதுக்கேத்த மாதிரி விலையையும் குறைச்சுக்கிட்டேனே.”

சடைச்சிக்கு முள் விறைக்கவில்லை. அவள் சொன்ன நொட்டைக்குக் கோபித்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஆமாம் போட்டவன் மட்டும் எதிரே நிற்கிறான். அது ஏன் என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் விடிந்ததும் கடையைச் சாத்திவிட்டு மலை ஏறினாள். பெருமலை பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தான்.

“அண்ணே, அன்னிக்கு நீ கொண்டுவந்த தேன் நல்லா இருந்துச்சு.”

“எனக்குத் தெரியும்.”

“எனக்கும் அப்பவே தெரியும்.”

பெருமலை அவள் பக்கம் திரும்பினான். “அதுதான் வலிச்சுது. தெரியாம சொல்லியிருந்தா, இன்னொரு சொட்டு நக்கிப் பாருன்னு சொல்லியிருப்பேன்.”

“மறுபடி கடைக்கு வா அண்ணே. நீ சொல்றதுதான் விலை.”

“மலையணில் மலைக்கு அந்தப் பக்கம் கடை போட்டிருக்கா. அவளுக்கு வாக்குக் கொடுத்துட்டேன். மாத்திப் பேச எனக்கு வராது.” அவன் ஒரு தேனடையைப் பிட்டு நீட்டினான். “ஏறி வந்துட்டே, ஒரு வாய் சாப்பிட்டுப் போ.”

அடை சின்னதாக இருக்கிறதே என்று சொல்ல அவள் வாய் தானாகத் திறந்தது. கஷ்டப்பட்டு மூடிக்கொண்டாள். தேனை வாயில் வைத்தாள். வேங்கைப் பூ வாசம் தொண்டையில் இறங்கியது.

“நல்லா இருக்கு அண்ணே” என்றாள்.

அவள் இறங்கி வந்து கடையைத் திறந்தபோது மிளா வாசலில் நின்றிருந்தாள்.

“நல்ல தேன் ஏதாச்சும் வந்துச்சா?”

“என்கிட்ட வராது. மலையணில் கடைக்குப் போ. பெருமலை தேன் அங்கே இருக்கு. கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்.”

மிளா போனாள். மரங்களுக்கிடையில் அவள் முதுகு மறையும் வரை சடைச்சி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நல்லது என்று தெரிந்தே பழித்து விலை குறைப்பவரை விட்டு நல்ல சரக்குக்காரர்கள் போய்விடுவார்கள். பழிக்கத் தகுந்த சரக்கைக் கொண்டுவருபவர்கள் மட்டுமே கடைசியில் மிஞ்சுவார்கள்.