மூக்காயி கழற்றிக் கொடுத்த கொண்டி

பறவைகளுக்கும் வாயில் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், கூட்டுக்குக் கூடு கதவாக ஓலைப்படல் உண்டு. படலைச் சாத்தக் கம்பிக் கொண்டியும் உண்டு. அத்தனை கொண்டியையும் வளைத்துக் கொடுத்தவள் மூக்காயி என்ற காகம்.

மனிதர்கள் வேலி கட்டிவிட்டு வெட்டி எறிந்த கம்பித் துண்டுகளைப் பொறுக்கி வருவாள். ஒரு முனையைப் பனைமட்டை இடுக்கில் செருகி, மறுமுனையை அலகால் பற்றி மூன்று முறுக்கு முறுக்கினால் கொண்டி தயார். ஆனால் ஒன்றில் மட்டும் கறார். படலை நேரில் பார்த்து அளவெடுக்காமல் கொடுக்கமாட்டாள். பிரம்மாவே வந்து நின்றாலும் அப்படித்தான்.

முந்தின வருஷம் அவள் முட்டைகளை எல்லாம் பாம்பு குடித்துவிட்டது. இந்த வைகாசியில் ஒரே ஒரு முட்டை. அதற்காகவே இருப்பதிலேயே தடித்த கம்பியில் தன் படலுக்குக் கொண்டி போட்டிருந்தாள்.

செவந்தி என்ற குயில் அழுதுகொண்டு வந்தாள்.

"மூக்காயக்கா, எனக்கு இன்னைக்கோ நாளைக்கோ. கொண்டியில்லாம எப்படிக்கா கண்ண மூடுவேன்?"

"படல் எங்க கட்டியிருக்க? அளவெடுக்கணுமே."

"குளத்தங்கரை நாவ மரத்துல. நீ வந்து பாத்து, கம்பி தேடி, வளைச்சு... அதுக்குள்ள பாம்பு வந்துட்டா?"

பாம்பு என்றதும் மூக்காயி அளவெடுப்பதையே மறந்தாள். கைவசம் ஒரு துண்டுக் கம்பிகூட இல்லை. தன் படலில் கிடந்த கொண்டியையே கழற்றிக் கொடுத்துவிட்டாள். பாழாய்ப்போன இரக்கம், வேறென்ன!

"பொழுது சாயறதுக்குள்ள எனக்கு ஒண்ணு வளைச்சுக்குவேன்" என்று கம்பி தேடிப் பறந்தாள்.

திரும்பியபோது படல் திறந்து கிடந்தது. பதறி உள்ளே பார்த்தாள். முட்டை இருந்தது. நிறம்தான் சற்று மங்கலாகத் தெரிந்தது. நம் கண்தான் மங்கிவிட்டது என்று நினைத்து, புதுக் கொண்டியை மாட்டிவிட்டு அடைகாக்க உட்கார்ந்தாள். மரத்தடியை அவள் குனிந்து பார்க்கவில்லை.

குஞ்சு கறுப்பாகத்தான் பிறந்தது. தான் பட்டினி கிடந்து அதற்கு ஊட்டினாள். இறக்கை முளைத்த அன்று அது வாய் திறந்து "கூ" என்றது. மூக்காயி திகைத்துப்போய்க் கரைந்தாள்.

"ஏம்மா இப்படிக் கரகரன்னு கத்துற? காது வலிக்குது" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூக்காயி நாவல் மரத்துக்கு ஓடினாள். அங்கே படலும் இல்லை, கூடும் இல்லை. மொட்டைக் கிளையில் அவளுடைய கொண்டி துருப்பிடித்துத் தொங்கியது.

பக்கத்துக் கிளையில் செவந்தி சிரித்தாள். "ஊருக்கெல்லாம் அளவெடுத்தியே, என் படல மட்டும் ஏன்க்கா வந்து பாக்கல?"

மூக்காயி அங்கிருந்து பறந்தாள். வீடு திரும்பியபோது தன் மரத்தடியில் காய்ந்து கிடந்த முட்டை ஓட்டை முதன்முதலாகப் பார்த்தாள். நெஞ்சு வெந்துபோயிற்று. தன் படலைப் பிய்த்து எறிந்தாள். இனி யாருக்கும் கொண்டி கிடையாது என்றாள். சாத்த வழியில்லாத படல் எதற்கென்று மற்றப் பறவைகளும் கழற்றிப் போட்டன.

அன்று முதல்தான் எந்தக் கூட்டுக்கும் கதவில்லை. காகம் மட்டும் கண்ட கம்பியையெல்லாம் பொறுக்கி வந்து தன் கூட்டில் திணிக்கிறது, ஒன்றையும் கொண்டியாக வளைப்பதில்லை, குயிலும் வருஷம் தவறாமல் வந்து போகிறது.