தீவுக்குக் கட்டிய மூட்டை

ஒரு காட்டுக் குளத்தங்கரையில் சின்னம்மாள் என்ற முயலும் ராசாத்தி என்ற அணிலும் வாழ்ந்து வந்தன. முயலுக்குப் புதர். அதற்கு நேர் மேலே மருத மரத்தில் அணிலுக்குப் பொந்து.

ஒரு நாள் விடியற்காலையில் ஏழுவரி ஆமை ஒன்று அந்தக் குளத்துக்கு வந்தது. கட்டில் அளவு உடம்பு. முதுகில் நீளவாக்கில் ஏழு வரிகள் மேடாக ஓடின. கடற்கரையில் முட்டையிட்டுவிட்டுத் திசை தவறி வந்துவிட்டது. முயலும் அணிலும் முன்னால் நடந்து, பாதையில் கிடந்த முள்ளை விலக்கி, சவுக்குத் தோப்பைத் தாண்டி மணல்மேடு வரை அதைக் கொண்டுபோய் விட்டன. அதற்கு அப்பால் நரிகள் நண்டு பிடிக்கும் இடம். அதனால் இரண்டும் கடல் சத்தத்தைக் கேட்டதோடு திரும்பிவிட்டன.

“அடுத்த வருடம் இதே நாளில் வருவேன்” என்றது ஆமை. “உங்கள் இருவரையும் தீவுக்குக் கூட்டிப் போகிறேன். மூன்று நாள் பயணம். சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம்.”

முயல் அன்றைக்கே மூட்டை கட்டத் தொடங்கிவிட்டது.

வெயிலுக்குத் தாமரை இலை. குளிருக்கு இலவம் பஞ்சு. தீவில் புல் முளைக்குமோ முளைக்காதோ என்று ஒரு கட்டுப் புல். பூச்சி கடித்தால் தேய்க்க வேப்பிலை. தின்பதற்கு இலந்தை வற்றல், நாவல் வற்றல், காய்ந்த நிலக்கடலை. ஈரமாக ஒன்றைக்கூட எடுக்கவில்லை. வழியில் கெட்டுப்போய்விடும் என்று பயம்.

“பஞ்சு எதற்கு அக்கா? அங்கே குளிரே கிடையாதாம்” என்றது அணில்.

“எதற்கும் இருக்கட்டும்.”

“புல்?”

“எதற்கும் இருக்கட்டும்டி. நாளைக்கு நீதான் வந்து கேட்பாய்.”

அணில் ஒரே ஒரு சுரைக்குடுக்கையில் குளத்துத் தண்ணீரை நிரப்பி எடுத்துக்கொண்டது. முயல் அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தது. “கடலுக்குப் போகிறவள் தண்ணீர் சுமந்துகொண்டு போவாளா? கேட்டால் ஊரே சிரிக்கும்.”

சொன்ன நாளில் ஆமை வந்தது. நரிகள் இல்லாத நேரமாகப் பார்த்து முயலும் அணிலும் மூட்டைகளைக் கரைக்கு இழுத்து வந்தன. முயலுக்கு இன்னும் மனம் அடங்கவில்லை. “ஆமையம்மா, வழியில் தண்ணீர் கிடைக்கும் அல்லவா?”

“தண்ணீரா?” ஆமை கடலைத் திரும்பிப் பார்த்தது. “பிறந்ததிலிருந்து அதைத்தான் குடிக்கிறேன். ஒரு நாளும் குறைந்ததில்லை.”

“பார்த்தாயா?” என்றது முயல்.

அணில் குடுக்கையை மணலில் கவிழ்த்தது. அந்த இடம் ஒரு நொடியில் காய்ந்தது. காலியான குடுக்கையில் முயல் இன்னும் கொஞ்சம் நிலக்கடலையைத் திணித்தது.

ஏழு வரிகளுக்கு நடுவே இருந்த பள்ளங்களில் மூட்டைகளை வைத்துக் கொடியால் இறுக்கின. “நான் மூழ்க மாட்டேன். பிடித்துக்கொள்ளுங்கள்” என்று ஆமை நீந்தத் தொடங்கியது.

கரை மறைந்தது. முயல் அதுவரை எந்த மூட்டை நனைகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் தலையை நிமிர்த்தியது.

எந்தப் பக்கம் திரும்பினாலும் அக்கரை இல்லை. வானம் வளைந்து வந்து தண்ணீரில் இறங்கியிருந்தது. கோலா மீன்கள் கூட்டமாக எழும்பி, சிறகை விரித்துப் பறந்து, மறுபடி விழுந்தன. சற்றுத் தள்ளி ஒரு கரிய பாறை தானாக எழுந்தது. அது மூச்சு விட்டது. மரமளவு உயரத்துக்கு நீர் பீய்ச்சியது. பிறகு ஓசையில்லாமல் உள்ளே போய்விட்டது.

“திமிங்கிலம்” என்றது ஆமை.

முயலின் காது இரண்டும் நட்டுக்கொண்டு நின்றன. “நம் குளத்தைக் கொண்டுவந்து இதில் கொட்டினால் தெரியக்கூடத் தெரியாதடி” என்று மெல்லச் சொன்னது.

மத்தியானம் இரண்டும் வற்றலும் கடலையும் தின்றன. தாகம் எடுத்தது. முயல் குனிந்து ஒரு வாய் குடித்தது. உடனே துப்பியது.

“ஆமையம்மா, இங்கே தண்ணீர் கெட்டுவிட்டது. நல்ல தண்ணீர் இருக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள்.”

ஆமை தள்ளிப் போனது. அங்கேயும் உப்புக் கரித்தது. இன்னும் தள்ளிப் போனது. அங்கேயும் அதே கரிப்பு. ஆமைக்கு ஒன்றும் புரியவில்லை. தானே குடித்துப் பார்த்தது. “நன்றாகத்தானே இருக்கிறது?” என்றது. அதன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

“ஏன் அழுகிறீர்கள்?” என்றது அணில்.

“அழவில்லை. குடிக்கிற உப்பைக் கண் வழியாக வெளியே விட்டுவிடுவேன். உங்கள் கண் அப்படிச் செய்யாதா?”

“எங்களால் அது முடியாதே” என்றது அணில்.

ஆமை பதறிப்போனது. வேகமாக நீந்தியது. இரண்டாம் நாள் வெயிலில் முயலின் நாக்கு தடித்தது. பேச்சு வரவில்லை. இனி முன்னால் போனாலும் பின்னால் போனாலும் ஒரே தூரம். “பாரம் குறைந்தால் இன்னும் வேகமாகப் போவேன்” என்றது ஆமை. அணில் ஒவ்வொரு மூட்டையாக எடுத்து முயலிடம் காட்டியது. முயல் தலையை மட்டும் அசைத்தது. பஞ்சு போனது. புல் போனது. வேப்பிலை, வற்றல், கடலை எல்லாம் போயின. ஒரு வருடமாகக் கட்டியது அலையில் ஆடி ஆடிப் பின்தங்கியது.

மாலையில் முயல் கண்ணை மூடிவிட்டது.

“அக்கா, தூங்காதே. அக்கா” என்று அணில் அதன் காதைக் கடித்தது.

அப்போது எதிர்ப் பக்கத்திலிருந்து பழுப்பாக ஏதோ மிதந்து வந்தது. ஒரு தேங்காய். மட்டையோடு, தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

ஆமை அதைத் துடுப்புக் கையால் அணைத்துப் பிடித்தது. அணில் நாரைக் கடித்துக் கிழித்தது. உதடு கிழிந்தது, பல் கூசியது. ஓட்டின் கண் தெரிந்ததும் அதைக் குடைந்தது. உள்ளே நீர் ஆடும் சத்தம் கேட்டது. அணிலுக்கும் நாக்கு வறண்டுதான் கிடந்தது. ஆனாலும் முதல் வாயை முயலுக்கே சாய்த்துக் கொடுத்தது.

முயல் கண் திறந்தது. சுற்றிலும் உப்புக் கடல். வாயிலோ இனிப்பு.

வெகு நேரம் அது அந்தக் காயையே பார்த்தது. “இதை யார் கட்டி அனுப்பினார்கள்?” என்றது.

“யாரும் இல்லை” என்றது ஆமை. “தீவுக் கரையில் மரங்கள் கடல் பக்கம் சாய்ந்து நிற்கும். காய் விழும், கிளம்பிவிடும். எத்தனையோ நாள் மிதக்கும். எங்கே கரை தட்டுகிறதோ அங்கே முளைக்கும்.”

முயல் நாரைத் தொட்டுப் பார்த்தது. மூழ்காமல் இருக்க அது. உப்பு நுழையாமல் இருக்க ஓடு. உள்ளே தண்ணீர், தின்னப் பருப்பு. எதற்கும் இருக்கட்டும் என்று அதில் ஒன்றுமே இல்லை.

“எங்கேயோ போய் மரமாக வேண்டியது, எனக்காக நின்றுவிட்டதே” என்றது முயல்.

மூன்றாம் நாள் மூன்றும் தீவுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆமை சொன்னபடியே மரங்கள் சாய்ந்து நின்றன. முயல் அங்கே இருந்த நாளெல்லாம் அண்ணாந்துகொண்டேதான் நடந்தது.

திரும்பும்போது ஆமையின் முதுகில் நான்கு தேங்காய்களை மட்டும் கட்டின. ஐந்தாவது ஒன்றை முயல் உருட்டிக்கொண்டு போய் அலையில் விட்டது.

“அது எதற்கு அக்கா?” என்றது அணில்.

“அது நமக்கில்லை. போகட்டும்.”

போய் வந்தவரிடம் வழியைக் கேட்கலாம். மூட்டையில் என்ன வேண்டும் என்பதை அவரவர் தொண்டையைத்தான் கேட்க வேண்டும்.