வயிறு நிறைந்த தேனீக்கள்

ஈயும் எறும்பும் மனிதனோடு நேருக்கு நேர் நின்று வழக்குப் பேசிய அந்தக் காலத்தில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் செங்கோடன் என்பவனுக்கு ஒரு மண்சுவர் வீடு இருந்தது. அந்தச் சுவருக்குள் தேனீக்கள் குடியிருந்தார்கள்.

அவர்கள் மலையிலிருந்து வந்தவர்கள். ஒரு கோடையில் காடு பற்றி எரிந்தபோது, அவர்களைக் காப்பாற்றியவள் களஞ்சி. தேனறைகள் அவள் பொறுப்பில் இருந்தன. புகை நெருங்கியதும், "நெருப்பைக் கொட்ட முடியாது. வயிறு கொண்ட மட்டும் தேனைக் குடிச்சிட்டுப் பறங்க" என்று அவள் சொன்னாள். குடித்தார்கள், பறந்தார்கள், செங்கோடன் வீட்டு முருங்கை மரத்தில் வந்து கொத்தாகத் தொங்கினார்கள்.

செங்கோடனின் மனைவி பாவாயி அவர்களைப் பார்த்தாள். அந்த முருங்கை வருஷா வருஷம் பூத்து, பூவெல்லாம் கொட்டி, காய் பிடிக்காமல் நின்ற மரம். விளக்கு மாடத்துக்குப் பின்னால் சுவரில் இருந்த பொந்தை அவள்தான் காட்டினாள். "உள்ளே எடமிருக்குது, இருந்துக்குங்க. எம் மரத்தைப் பாத்துக்குங்க."

ஒப்பந்தம் வாய்வார்த்தையாக முடிந்தது. ஓரத்து அடையில் உள்ள தேன் வீட்டுக்காரருக்கு. நடு அடையில் தாயும் பிள்ளைகளும் இருப்பார்கள், அதை யாரும் தொடக் கூடாது. வீட்டின் சார்பில் செங்கோடன் பேசினான். தேனீக்களின் சார்பில் வாசல் காக்கும் முள்ளி பேசினாள்.

பேசி முடிந்த சந்தோஷத்தில் களஞ்சி மலை எரிந்த கதையைச் செங்கோடனுக்குச் சொன்னாள்.

"குடிச்ச குடியில வயிறு பானையாட்டம் ஆயிடுச்சு. வழியில ஒரு பஞ்சுருட்டான் குருவி எங்களைக் கொத்திக் கொத்தித் தின்னுச்சு. ஒருத்தியாலயும் வயித்தை வளைச்சுக் கொடுக்கை நீட்ட முடியலை, போங்க!"

அவள் சிரித்தாள். செங்கோடனும் சிரித்தான். முள்ளி சிரிக்கவில்லை.

"இதை எதுக்கு அவன்கிட்ட சொன்னே அக்கா?"

"நல்ல மனுசன்டி."

"நல்லவனாவே இருக்கட்டும். அவனுக்கு எதுக்குத் தெரியணும்?"

அந்த வருஷம் முருங்கை கிளை ஒடியக் காய்த்தது. ஓரத்து அடைத் தேனும் சட்டி நிறையக் கிடைத்தது. செங்கோடனுக்குக் குறை ஒன்றும் இல்லை, பாவாயியின் அண்ணன் காளியண்ணன் விருந்துக்கு வரும்வரை.

"உள்ளே வரலாமா மாப்பிள்ளை? இல்லே, ஈக்கிட்ட உத்தரவு வாங்கோணுமா?" என்று வாசலிலேயே ஆரம்பித்தான் அவன். "சுவரு உன்னுது, மரம் உன்னுது. ஓரத்தை உனக்கு வழிச்சுப் போட்டுட்டு நடுவுல இருக்கறதை அதுக வெச்சுக்குதுக. நீயும் நக்கிட்டு உக்காந்திருக்கிறே."

சொந்தக்காரன் சிரித்த சிரிப்பு செங்கோடனின் காதைவிட்டுப் போகவில்லை. மச்சான் கிளம்பிப் போனதும் அவன் பொந்துக்குள் கையை விட்டான்.

வாசலில் நின்ற முள்ளி, "வீட்டுக்காரரே, ஓரத்து அடை இந்தப் பக்கம்" என்றாள்.

"எம் வீட்டுல எந்தப் பக்கம் போறதுன்னு நீ சொல்றியா?"

கை நடு அடையைத் தொட்டது. முள்ளி ஒரு குரல் கொடுத்தாள். கூடு முழுவதும் கிளம்பியது. செங்கோடன் வாசலைத் தாண்டி ஓடி மாட்டுத் தொட்டித் தண்ணீரில் தலையை முக்கினான். முகம் பூசணிக்காயாக வீங்கியது. அன்றிலிருந்து அவன் வாசற்படியில் கால் வைக்க முடியவில்லை. கால் வைத்தால் தேனீக்கள் வந்தார்கள். பாவாயி மட்டும் போகவும் வரவுமாக இருந்தாள், அவளை யாரும் ஒன்றும் செய்யவில்லை. தன் வீட்டுக் கஞ்சியை மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து குடித்தான் செங்கோடன்.

கடைசியில் படிக்கு வெளியே வந்து நின்றான். "தப்பு என்னுது. நடு அடைப் பக்கம் இனிமே கை வராது."

கூட்டுக்குள் அன்று ஒரே ஆட்டம். "ஒத்துக்கிட்டான் பாத்தியா!" என்று களஞ்சி முள்ளியைக் கட்டிக்கொண்டாள்.

"வீங்கின வாய் பேசுது அக்கா. வீக்கம் வடியட்டும், பாப்போம்."

வீக்கம் வடிந்தது. தூறல் விழுந்த ஒரு காலையில், வெளியே போக முடியாமல் தேனீக்கள் எல்லோரும் கூட்டிலேயே இருந்தார்கள். செங்கோடன் வறட்டியைப் பற்ற வைத்து, பச்சை வேப்பிலையை அதன்மேல் போட்டு, சட்டியைப் பொந்துக்குக் கீழே கொண்டுவந்தான்.

பாவாயி வழியை மறித்தாள். "ஏனுங்க, பேசினது ஒண்ணு, செய்யறது ஒண்ணா?"

"ஈக்குக் குடுத்த வாக்குக்கு எவன் சாட்சி?"

"நான் சாட்சி."

"நீ எம் பொண்டாட்டி. தள்ளு."

முறத்தால் விசிறினான். புகை பொந்துக்குள் ஏறியது. பிறகு, உயிர் போகிறவன் போலக் கத்தினான்: "ஐயையோ, கூரை பத்திக்கிச்சு! தேனீங்களே, கெடச்சதை எடுத்துக்கிட்டு ஓடுங்க!"

களஞ்சிக்கு மலை ஞாபகம் வந்தது. "குடிங்க! எல்லாரும் குடிங்க!"

முள்ளி சுவரில் காலை ஊன்றிப் பார்த்தாள். "நில்லுங்க! சுவரு குளிர்ந்திருக்குது. எரியற சத்தமே இல்லை. வேப்பிலை வாசம் வருது. யாரோ விசிறுறாங்க. வாசலுக்கு வாங்க!"

"மலை எரிஞ்சப்ப நீயும் எம் பின்னாடிதானே பறந்தே?"

"அப்ப வந்தது நெருப்பு அக்கா. இப்ப வரப்போறது கை."

"முதல்ல குடி. சண்டை அப்புறம்."

களஞ்சியைத் துரோகி என்று பேசுகிறவர்கள் அந்தப் புகைக்குள் நின்று பார்க்காதவர்கள். ஒரு முறை எல்லோருடைய உயிரையும் காப்பாற்றிய வழியைத்தான் அவள் சொன்னாள். கூட்டத்தில் அப்படிப்பட்டவளின் பேச்சுக்குத்தான் மதிப்பு. புகை தடித்துக்கொண்டே வந்தது. பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் விட்டுவிட்டுத் தேனறைக்கு ஓடினார்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு தலை கவிழ்ந்தது. முள்ளி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே அடை மேல் ஓடினாள். அவள் பார்த்ததெல்லாம் முதுகுகள். ஒரு முதுகும் திரும்பவில்லை.

வாசலுக்குத் திரும்பினாள். அங்கே ஒரு சிலர் மட்டும் குடிக்காமல் நின்றார்கள்.

கை வந்தது.

முள்ளி மணிக்கட்டில் இறங்கி, இருந்த பலம் முழுவதையும் வைத்துக் கொட்டினாள். கொடுக்கு அவன் தோலில் தங்கிவிட்டது. அவள் கீழே விழுந்தாள். கொட்டிய இடத்திலிருந்து பழுத்த வாழைப்பழ வாசம் கிளம்பியது. இங்கே வாருங்கள் என்று தேனீ தேனீயைக் கூப்பிடும் வாசம் அது. கூட்டிலிருந்த ஒவ்வொருத்திக்கும் அது கேட்டது. எல்லோரும் தலையை நிமிர்த்தி, கையை நோக்கி வந்தார்கள். வந்து, வயிற்றை வளைத்தார்கள். வயிறு வளையவில்லை. நிறைந்த பானை எப்படி வளையும்? செங்கோடனின் கைமேல் ஏறினார்கள், சறுக்கினார்கள், மறுபடி ஏறினார்கள். அவர்களைத் தூசியைப் போலத் தட்டிவிட்டுக்கொண்டு அவன் கத்தியை உள்ளே விட்டான். நடு அடை, வெள்ளை வெள்ளையான பிள்ளைகளோடு, ஒரே வெட்டில் வந்தது.

அடையின் துண்டு ஒன்று தரையில் விழுந்தது. அதில் தாய்த்தேனீ ஒட்டிக்கொண்டிருந்தாள். பாவாயி அதை எடுத்துக்கொண்டு தூறலில் நடந்து, முருங்கைக் கிளையில் வைத்தாள். மிச்சமிருந்தவர்கள் தாயைச் சுற்றி வந்து தொங்கினார்கள்.

"முள்ளி எங்கே?" என்று களஞ்சி கேட்டாள். வாசலில் முள்ளியோடு நின்றிருந்த ஒருத்தி, "அவன் கையில இருக்கிறா" என்றாள். அதன் பிறகு களஞ்சி உத்தரவு எதுவும் போடவில்லை.

தூறல் விட்டதும் அவர்கள் மலைக்குப் போனார்கள். பாறை இடுக்கில் புது அடை கட்டினார்கள். வயிற்றில் கொண்டுபோன தேன்தான் அதைக் கட்ட உதவியது. அந்தக் கொடுமையையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தேனறைக்காரிகள் களஞ்சியின் வழியைச் சொல்லிக்கொடுத்தார்கள். வாசல்காரிகள் முள்ளியின் வழியைச் சொல்லிக்கொடுத்தார்கள். மனிதனோடு பேசுவதை மட்டும் எல்லோருமே நிறுத்திக்கொண்டார்கள்.

செங்கோடன் வெட்டியது போக மிஞ்சிய தேன் சுவருக்குள் ஒழுகி, எறும்பு வரிசை வரிசையாக வீட்டுக்குள் ஏறியது. அடுத்த பருவத்தில் முருங்கை பூத்தது. பூவெல்லாம் கொட்டியது. பாவாயி தினமும் அதைக் கூட்டி, அவன் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே குவித்து வைத்தாள்.

புகையைக் கண்டதும் தேனீக்கள் சண்டையை விட்டுத் தேனறைக்குள் தலையைக் கவிழ்ப்பது களஞ்சியிடமிருந்து வந்த வழக்கம். ஆனாலும் வாசலில் ஒரு சிலர் குடிக்காமல் நிற்கிறார்கள். எத்தனை புகை போட்டாலும், தேன் எடுத்துத் திரும்புகிறவன் இன்றைக்கும் தன் கையிலிருந்து ஒரு கொடுக்கைப் பிடுங்கி எறிய வேண்டியிருக்கிறது. அது முள்ளியின் பங்கு.